புதிய விண்டோஸுக்கு எப்போது மாறலாம்? வீட்டுக்கு ஒரு கணக்கு, ஆபீசுக்கு ஒரு கணக்கு

புதிய விண்டோஸ் வெளிவந்த வாரத்தில் எனக்கு இரண்டு விதமான போன் வரும். உறவுக்காரர்கள், "புதுசு வந்துடுச்சாமே, போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். ஆபீஸில் கணக்குப் பிரிவிலிருந்து, "அந்தப் புதுசு நம்ம மெஷின்ல தானா வந்து உக்காந்துடாதே?" என்று கேட்பார்கள்.

நான் ஒரு நிறுவனத்தில் 140 கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். 2007-இல் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் அங்கே. வீட்டுக்கு வந்தால் சித்தப்பா, நாத்தனார், மாடி வீட்டுக்காரர் என்று சம்பளமில்லாத வாடிக்கையாளர்கள் ஒரு பதினைந்து பேர். இரண்டு பக்கமும் பல தடவை அடிபட்ட பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: எப்போது மாறுவது என்பதைக் கணினி யாருடையது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது நின்றுபோனால் கூடவே என்னவெல்லாம் நிற்கும் என்று பார்க்கவேண்டும். வீடுகளில் ஆபீஸ் கணினிகள் உண்டு, ஆபீஸ்களில் வீட்டுக் கணினிகளும் உண்டு. எது எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் மிச்ச வேலை சுலபம்.

இரண்டு பேரும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்

வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. புதுக் கணினி வாங்குகிறார்கள், அதில் எது இருக்கிறதோ அதோடு குடித்தனம் நடத்துகிறார்கள். ஆபீஸில் கதையே வேறு. புதிதாக வரும் பெட்டியைப் பிரித்ததும் நான் செய்யும் முதல் வேலை, உள்ளே இருக்கும் விண்டோஸை அழித்துவிட்டு எங்கள் இமேஜை, அதாவது தேவையான எல்லாவற்றோடும் முன்பே தயாரித்து வைத்திருக்கும் விண்டோஸ் பிரதியை, ஏற்றுவது. புரோ பதிப்பின் லைசென்ஸோடு, அதற்கு முந்தைய பதிப்பைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் சேர்ந்தே வரும். விண்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளில் எக்ஸ்பி ஏற்றிக் கொடுத்த காலம் ஒன்று உண்டு.

இதில் வேடிக்கை, எக்ஸ்பிக்கும் 7-க்கும் நடுவில் வந்த விண்டோஸ் விஸ்டாதான். அது நிறுவனங்களுக்கு 2006 நவம்பர் 30 அன்றே கிடைத்தது. பொதுமக்களுக்கு 2007 ஜனவரி 30 அன்றுதான். இரண்டு மாதம் முன்னாலேயே கையில் கொடுத்தும் பல நிறுவனங்கள் தொடவே இல்லை. எக்ஸ்பியிலிருந்து நேராக 7-க்குத் தாவின. எங்கள் ஆபீஸும் அப்படியே. நான் ஆபீஸில் ஒரே ஒரு கணினியில்கூட விஸ்டா ஏற்றியதில்லை. ஆனால் வீட்டில் என் சொந்த மடிக்கணினியில் அதுதான் ஓடியது, கடையில் அதைத்தான் கொடுத்தார்கள்.

விற்பவர்களுக்கும் இந்த இரண்டு மனசும் நன்றாகத் தெரியும். விண்டோஸ் 7-இன் புரொஃபஷனல் பதிப்புக்கு 'எக்ஸ்பி மோட்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். புதிய வீட்டுக்குள்ளேயே பழைய வீட்டின் ஒரு அறையைத் தூக்கிவைத்த மாதிரி, 7-க்குள் ஒரு முழு எக்ஸ்பி. ஹோம் பதிப்புக்கு அது கிடையாது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, 7, 8.1 வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் மாறினால் இலவசம் என்றார்கள். அந்தச் சலுகையில் பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்பைச் சேர்க்கவில்லை. நிறுவனங்களுக்குத் தடையாக இருப்பது லைசென்ஸ் செலவு மட்டும் அல்ல, மாற்றும் வேலையும் அதில் உடையும் சாமான்களும்தான்.

விண்டோஸ் 11-இல் ஆட்டம் தலைகீழானது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்று நிபந்தனை வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெட்டிகளை மாற்றும் எங்களுக்கு அதில் பெரிய சிக்கலில்லை. ஆசையாகக் காத்திருந்த மாடி வீட்டுக்காரர்தான் மாட்டிக்கொண்டார். அவருடையது 2016-இல் வாங்கிய கணினி, இன்றைக்கும் ஜம்மென்று ஓடுகிறது, ஆனால் பட்டியலில் இல்லை.

முதல் வேலை: கணினிகளைப் பிரியுங்கள்

ஒவ்வொரு கணினிக்கும் முன்னால் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக் காலையில் இது எழுந்திருக்காவிட்டால் யார் கத்துவார்கள், எவ்வளவு சத்தமாக?"

என் நாத்தனார் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார். மடிக்கணினி ஒன்றே ஒன்று. அது இரண்டு நாள் படுத்தால் ஒரு வேலை கைவிட்டுப் போகும், அந்த வாடிக்கையாளர் திரும்பியும் வரமாட்டார். என் கணக்கில் அது ஆபீஸ் கணினி. எங்கள் ஆபீஸின் வரவேற்பறையில் ஒரு கணினி நிறுவனத்தின் படங்களை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் அணைந்து கிடந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள் (ஒருமுறை கிடந்தது, கவனிக்கவில்லை). அது வீட்டுக் கணினி. புதியது வந்தால் முதலில் அதில்தான் போட்டுப் பார்ப்பேன்.

இரண்டாவது: சாஃப்ட்வேர் பட்டியல் போதாது

என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்று எழுதுவது எல்லாருக்கும் தெரியும். நான் எழுதச் சொல்வது கணினியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள்களை. பின்பக்கம் போய் ஒவ்வொரு வயரையும் கையால் பிடித்துப் பாருங்கள், அது எங்கே போகிறது என்று. பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, லைசென்ஸுக்காகச் செருகியிருக்கும் டாங்கிள். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேண்டும், அதாவது அதை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு புரோகிராம். பழைய 32 பிட் வகை டிரைவர் இன்றைய 64 பிட் விண்டோஸில் ஏறாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. இன்னும் பழைய 16 பிட் புரோகிராம் ஏதாவது இருந்தால் 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. புரோகிராம் 32 பிட்டாக இருந்து அதன் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருந்த கொடுமையையும் பார்த்திருக்கிறேன்.

மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்கவேண்டாம். 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்போடு 32 பிட் செயலிகள் மொத்தமாக நின்றன. மேக் இயங்குதளம் 2013 முதல் இலவசம் என்பதால் வீட்டில் இருப்பவர்கள் யோசிக்காமல் அழுத்திவிடுவார்கள். நிறுவனத்திலோ எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்தும் நிர்வாகக் கருவியை வைத்துப் பெரிய அப்டேட்டை 90 நாள் வரைதான் பிடித்துவைக்க முடியும். அதனால் மேக் ஓடும் ஆபீஸ்களில் எங்களைப்போல வருடக்கணக்கில் தூங்க வழியில்லை.

அப்புறம் பிரவுசர். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் ஏதாவது உள் தளம் இருக்கிறதா? விண்டோஸ் 10-இல் அது 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. எட்ஜ் பிரவுசருக்குள் அந்தப் பழைய தளங்களைத் திறக்க 'ஐஇ மோட்' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இப்போதைக்குத் தாங்கும்.

தள்ளிப்போடலாம், ஆனால் எதை?

பலர் கோட்டைவிடும் இடம் இது. மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் வேறு, புதிய பதிப்புக்கு மாறுவது வேறு. முதலாவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவதை நிதானமாகச் செய்யுங்கள்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாகிரை வைரஸ் பரவியது 2017 மே 12 அன்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம். "அப்புறம் போட்டுக்கலாம்" என்று வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள். பழைய விண்டோஸ் 7-ஆக இருந்தாலும் அப்டேட் ஏற்றி வைத்தவர்கள் தப்பினார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. விண்டோஸ் 10-இன் 1809 என்ற பதிப்பு 2018 அக்டோபர் 2 அன்று வந்தது. போட்ட சிலருடைய கோப்புகள் காணாமல் போயின. சில நாள்களில் விநியோகத்தை நிறுத்தி, திருத்தி, நவம்பர் நடுவில்தான் மறுபடி விட்டார்கள். வந்த அன்றைக்கே தாமே தேடிப்போய் அழுத்திய ஆர்வக்காரர்கள்தான் முதலில் மாட்டினார்கள்.

எனவே மாதாந்தர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். வீட்டில் வந்த உடனே விட்டுவிடுங்கள். ஆபீஸில் சில கணினிகளில் மட்டும் முதலில் விட்டு, ஒரு வாரம் பார்த்து, மற்றவற்றுக்கும் விடுகிறேன். புதிய பதிப்பு என்றால் வீட்டுக் கணினிக்கு இரண்டு மூன்று மாதம், ஆபீஸ் கணினிக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தருபவர்கள் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் புதிய எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வந்தாலும், பழைய எல்டிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கு அதன் முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை 'மாறுங்கள்' என்ற அழைப்பே போகாது. அதற்குப் பெரும்பாலும் ஆகஸ்ட் ஆகிவிடும்.

இதைச் செய்யும் வசதியிலும் வீடு வேறு, ஆபீஸ் வேறுதான். ஹோம் பதிப்பில் அப்டேட்டை ஐந்து வாரம்வரை நிறுத்திவைக்கலாம், அவ்வளவே. புரோவில் குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்புக்குள் போய்ப் புதிய பதிப்பை 365 நாள் வரையும், மாதாந்தர அப்டேட்டை 30 நாள் வரையும் தள்ளலாம். இந்தப் பதிப்பிலேயே நில் என்று பதிப்பின் பெயரை எழுதிவைக்கவும் அங்கே இடம் உண்டு. நாத்தனாருக்குப் புரோ வாங்கச் சொன்னதற்கு இது ஒன்றுதான் காரணம்.

கடைசித் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, 'வின்வெர்' (winver) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். எந்தப் பதிப்பு என்று வரும். விண்டோஸ் 11-இல் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் ஹோம், புரோ என்றால் 24 மாத ஆதரவு (அதுவரைதான் பாதுகாப்பு அப்டேட் வரும்), என்டர்பிரைஸ் என்றால் 36 மாதம்.

நிறுவனங்களின் பெரிய வியாதி, நிதானம் முற்றிச் சோம்பலாவது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நின்றது. அது வெளிவந்தது 2001-இல். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் கடைசி மாதத்தில் ராத்திரி பகலாக மாற்றியவர்களில் நானும் ஒருத்தி. "இன்னும் ஓடுதே" என்பதைத் தவிர எங்களிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்னும் அதிலேயே இருப்பவர்களுக்குப் பணம் கட்டிப் பாதுகாப்பு அப்டேட் வாங்கும் ஏற்பாடு உண்டு. நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரு மடங்காகி மூன்று ஆண்டு வரை. வீட்டுக்கு ஓராண்டு நீட்டிப்பு, 30 டாலர். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் அதுவும் வேண்டாம். இரு மடங்கு என்பதை நிதிப் பிரிவில் காட்டுங்கள். நான் மூன்று வருடமாகக் கேட்டுக் கிடைக்காத புதுக் கணினிகள் அந்த ஒரு வரியைக் காட்டியதும் கிடைத்தன.

நிதானமானவர்களையும் காலம் ஏமாற்றும். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி சர்வர்களை அதில் ஏற்றியவர்களுக்கு, 2021 கடைசியோடு முடிகிறது என்று 2020 டிசம்பரில் சொன்னார்கள். தேதியை ஒருமுறை எழுதிவைத்தால் போதாது, வருடத்துக்கு ஒருமுறையாவது சரிபார்க்கவேண்டும்.

வெள்ளோட்டம்: யாரை வைத்து?

இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். விண்டோஸ் 11-க்கு மாறும்போது எட்டு கணினிகளை வெள்ளோட்டத்துக்கு எடுத்தேன். ஆறு எங்கள் ஐடி பிரிவுடையவை, இரண்டு ஆர்வமான மேலாளர்களுடையவை. மூன்று வாரம் ஒரு புகார்கூட இல்லை. எனக்கு ஒரே பெருமை. அடுத்தடுத்த சுற்றுகளை விட்டேன். மூன்றாம் சுற்றின் திங்கட்கிழமை காலை கிடங்கிலிருந்து போன்.

"மேடம், எடை வரல."

போய்ப் பார்த்தேன். எடைமேடையின் சிவப்பு எண்கள் 212.4 என்று சரியாகத்தான் காட்டின. கணினியில் எடை வரவேண்டிய கட்டம் காலி. எடைமேடையிலிருந்து வரும் சீரியல் வயர், விரல் நீளத்தில் ஒரு அடாப்டர் வழியாக யுஎஸ்பியாக மாறிக் கணினிக்குள் போகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அந்த அடாப்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். இந்தச் சிப்பின் தயாரிப்பு 2012-இலேயே நின்றுவிட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு வரி. விற்றவர் யார் என்று கிடங்கில் இருந்த யாருக்கும் தெரியாது. அந்த அடாப்டர் அவர்களுக்கு முன்னாலேயே அங்கு வந்திருந்தது.

அன்று மதியம்வரை ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் நோட்டில் எழுத, வெளியே வண்டிகள் வரிசையில் நின்றன. புது சிப் உள்ள அடாப்டர் வந்து செருகியதும் ஐந்து நிமிடத்தில் சரியானது. எட்டு கணினியில் மூன்று வாரம் பார்த்தும் இது தெரியவில்லை, ஏனென்றால் அந்த எட்டும் ஒரே மாதிரியான நல்ல பிள்ளைகள்.

இப்போது வெள்ளோட்டத்துக்கு ஆர்வமானவர்களைத் தேடுவதில்லை. வினோதமான கணினிகளைத் தேடுகிறேன். கிடங்கு, கணக்குப் பிரிவில் பதினெட்டு எக்செல் மேக்ரோ வைத்திருக்கும் அம்மா, லேபிள் பிரிண்டர் இருக்கும் மேசை, எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் ஒரு மனிதர். அவர் ரொம்ப முக்கியம். அவர் சரியென்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். மாதக் கடைசி ஒன்றாவது இந்த வெள்ளோட்டத்துக்குள் வரவேண்டும். சில அறிக்கைகள் மாதக் கடைசியில்தான் ஓடும், அவை உடைந்திருப்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். இரண்டு கணினி இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

ஒரு வார்த்தை பழக்கத்தைப் பற்றி. 11-இல் ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போய்விட்டது. வீட்டில் ஒருவர் அரைமணி தடவிப் பழகிக்கொள்வார். ஆபீஸில் அந்த அரைமணியை 140-ஆல் பெருக்கிப் பாருங்கள். நான் மாற்றுவதற்கு முன்பே பாலிசி வழியாக அதை இடப்பக்கமே வைத்துவிட்டேன். முதல் வாரத்தில் வந்திருக்கவேண்டிய போன்களில் பாதி மிச்சமானது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மாற்றும் நாளன்று

ஆபீஸில் ஏதாவது தப்பானால் பழைய இமேஜை மறுபடி ஏற்றுவேன், கோப்புகள் எப்படியும் சர்வரில் இருக்கின்றன. வீட்டில் அந்த வசதி இல்லை, எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். அதனால் பேக்கப்பை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, வயரைப் பிடுங்கி, வேறு கணினியில் செருகி நாலு படத்தையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை.

அடுத்தது மீட்புச் சாவி. சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபிஎம் பற்றி எங்கோ படித்துவிட்டு, தாமே பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புகளுக்குள், போய் எதையோ மாற்றிவிட்டார்.

"ஏம்மா, நீலக் கலர்ல வந்து 48 நம்பர் கேக்குது. என் பாஸ்வேர்டே எட்டுதானே?"

"சித்தப்பா, எதையும் அழுத்தாதீங்க. இத வாங்கினப்போ யாரு செட் பண்ணிக் கொடுத்தா?"

"நம்ம பையன்தான்."

இப்போது வரும் பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். பையனுக்கோ எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினான் என்பதே மறந்துவிட்டது. மூன்று மின்னஞ்சல்களைத் தோண்டி, சாயங்காலம் நாலு மணிக்குச் சாவி கிடைத்தது. ஒவ்வோர் இலக்கமாக நான் போனில் படிக்க, அவர் தட்டினார். இரண்டு தடவை தப்பு. ஆபீஸில் இந்தச் சாவிகளை நிர்வாகக் கருவி சேர்த்து வைத்துக்கொள்கிறது. வீட்டில் நீங்கள்தான் காகிதத்தில் எழுதி வைக்கவேண்டும், அதுவும் அதே மடிக்கணினியின் பைக்குள் இல்லாமல் வேறிடத்தில்.

மாறி முடித்ததும் போன் காலண்டரில் இரண்டு குறிப்புப் போடுங்கள். ஒன்று, எட்டாம் நாளுக்கு. பழைய விண்டோஸுக்குத் திரும்பிப்போகும் வழி பத்து நாள்தான் திறந்திருக்கும், அப்புறம் பழைய கோப்புகளை அது தானே அழித்துவிடும். எனவே எட்டாம் நாளுக்குள் பிரிண்டரில் ஒரு பக்கம், ஸ்கேனரில் ஒரு பக்கம், வேலைக்குத் தேவையான ஒவ்வொரு புரோகிராமிலும் ஒரு கோப்பு என்று திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டாவது குறிப்பு, இப்போது ஏற்றிய பதிப்பின் ஆதரவு முடிவதற்கு ஆறு மாதம் முந்தைய தேதிக்கு. நாத்தனாருக்கு அந்தக் குறிப்பை நான்தான் போட்டுக் கொடுத்தேன். சித்தப்பாவுக்குப் போடவில்லை. அவர் எப்படியும் எனக்கு முன்னாலேயே போன் செய்துவிடுவார்.